காட்சிக்குக் கட்டணம் இல்லை

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவருக்கு, 'எமது பிரதேசத்தின் இயற்கை எழில்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்படி பணித்தேன். முப்பத்திரண்டு கொப்பிகள் வந்து சேர்ந்தன. இருபத்தேழில் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலை மலைகள்' என்ற தொடர் இருந்தது. மற்ற ஐந்தில் கம்பளம் இல்லை. பச்சைப் பட்டுடுத்திய மலைமகள் இருந்தாள். இம்மாணவருட் பெரும்பாலோர் லயங்களிலிருந்து வருபவர்கள். கம்பளத்தை மிதித்தறியாதவர்கள். அவர்கள் கம்பளம் என்று எழுதிய அந்த நிலத்திலேதான் அவர்களுடைய தாய்மார் நாள்தோறும் இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவே கொழுந்து பறிக்கிறார்கள்.

பெற்ற தாயின் வேலைத்தலத்தைப் பிள்ளை ஒரு விருந்தாளியின் கண்ணாற் கண்டு எழுதுகிறதே, இந்தக் கண்ணை அதற்குக் கொடுத்தவர் யார்? பாடநூல் கொடுத்தது, சுற்றுலாச் சுவரொட்டி கொடுத்தது, சினிமாப் பாட்டும் தன் பங்கைக் கொடுத்தது. மறைப்பானேன்? ஆண்டுக்காண்டு கரும்பலகையில் மாதிரிக் கட்டுரை எழுதிப்போட்டு அதை மனனஞ் செய்யச் சொன்ன நானும் கொடுத்திருக்கிறேன்.

இது மொழிநடையைப் பற்றிய சிறு குறையென்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு தொடர் இருபத்தேழு பிள்ளைகளின் வாயில் ஒரே விதமாக வந்து விழுமானால் அது நடையின் குறையன்று. பார்க்கும் இடத்தின் குறை. தேயிலை மலை எங்கிருந்து பார்த்தாற் கம்பளமாகத் தோன்றும்? நிரைக்குள் நிற்பவளுக்கு அது இடுப்பளவு உயர்ந்த முரட்டுச் செடி. கையைக் கீறும் வாது. கால் வழுக்கும் சரிவு. எதிர் மேட்டிலே, தெருவோரத்திலே, போதிய தூரத்தில் நிற்பவனுக்கே அது கம்பளம். எனவே மாணவரை அந்த இடத்துக்கே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தேன்.

அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ7 பெருந்தெருவில், தலவாக்கலைக்கு ஏறத்தாழ 3 கிலோமீற்றர் மேற்கே, சென்கிளையர் நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதற்கு வாகனங்கள் நிறுத்தும் இடம் இருக்கிறது. சற்று மேற்கே டெவன் நீர்வீழ்ச்சிக்கும் அதுபோல் ஒன்று. தெருவோரத்தில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. கொழும்பிலே 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தில் ஏறிப் பார்க்கப் பணம் கட்டவேண்டும். அங்குள்ள கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளிற் பலர் அதைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அந்த வகையில் நமது தெருவோரத்து மேடு எவ்வளவோ மேல். எவரும் நிற்கலாம், எவரும் பார்க்கலாம்.

என்ன தெரிகிறது? கொத்மலை ஓயா 80 மீற்றர் உயரத்திலிருந்து அகன்று விழுகிறது. அருவியின் இரு மருங்கும் தேயிலை. அதற்கு மேலே சவுக்கும் கருப்பந்தேயிலை மரங்களும். இன்னும் மேலே மூடுபனி. அழகில்லை என்று சொல்வது பொய். என் நண்பர் ஒருவர், நல்ல தொழிற்சங்கவாதி, இவ்வழகெல்லாம் முதலாளி வர்க்கத்தின் மயக்குமருந்து என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரோடு எனக்கு உடன்பாடில்லை. தொழிலாளிக்கு அருவி அழகாகத் தெரியாது என்று நினைப்பது, அவனுக்குக் கூலி போதும் கலை வேண்டாம் என்று நினைத்த துரைமாரின் எண்ணத்துக்கு வெகு தொலைவில் இல்லை. நம் மக்கள் பாடிய தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அந்தத் தொகுப்பைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, பாடத் தெரிந்த மக்களுக்குப் பார்க்கவும் தெரியும் என்பது விளங்கும்.

எனது வழக்கு அருவியோடு அன்று. அருவிக்கு எதிரே நமக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தோடு. அவ்விடத்திலிருந்து லயங்கள் தெரிகின்றன. ஆனால் தகரக் கூரைகளாக மட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் மூன்று தலைமுறை படுத்துறங்குவது தெரிவதில்லை. பெண்கள் தெரிகிறார்கள்; ஆனால் பச்சையின் நடுவே இரண்டொரு நிறப்புள்ளிகளாக. புள்ளிக்குச் சம்பளம் இல்லை, கடன் இல்லை, முழங்கால் வலி இல்லை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அதை எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அந்த வழக்கும் இம்மேட்டிலிருந்து தெரியாது.

அருவியைப் பற்றியும் ஒரு செய்தி மாணவருக்குச் சொன்னேன். மேல் கொத்மலைத் திட்டத்தின் கீழ்த் தலவாக்கலையில் அணை கட்டி, ஆற்று நீரைச் சுரங்க வழியே கொண்டுபோய், 2012 முதல் 150 மெகாவாற்று மின்சாரம் எடுக்கிறார்கள். சுரங்கத்தில் இறங்கிய நீர் அருவிக்கு வராது. சென்கிளையர் வற்றிவிடுமே என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. பகல் வேளையில் அருவிக்கென்று ஒரு பங்கு நீரை விடவேண்டுமென்ற ஏற்பாட்டோடு திட்டம் நிறைவேறியது. ஆகவே இன்று நாம் காணும் அருவி, நாம் காண்பதற்காகவே விடப்படும் அருவி. பொழுது சாய்ந்து பார்ப்போர் போனபின் அருவிக்கு அவ்வுரிமையும் இல்லை.

மின்சாரத்தை நான் பழிக்கவில்லை. குப்பிவிளக்கில் படித்தவன் மின்சாரத்தைப் பழிக்கமாட்டான். திட்டத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகளும் கிடைத்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் சுட்ட விரும்புவது வேறு. மலையை எடுத்துக்கொள்வோர், எடுத்ததற்கு ஈடாக ஊருக்குக் கொடுக்கும் பொருள் சில வேளைகளில் 'காட்சி'யாக இருக்கிறது. அக்காட்சி போய்விடுமோ என்று நாடே கவலை கொள்கிறது. காட்சிக்குள் வாழ்பவர்களுக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சோ எத்தனையோ தேர்தல்களைக் கண்டுவிட்டது.

இந்த எண்ணம் மனத்திலே கிடந்த நாட்களில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அங்கே முதியோர் இல்லமொன்றில் பணிபுரிகிறாள். விடுமுறை நாளொன்றில் நகரத்தின் நடுவேயுள்ள வானளாவிய கட்டடமொன்றின் உச்சிக்குச் சென்று, அங்கிருந்து எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். 'சேர், இங்கே எல்லாவற்றுக்கும் காசு. இது ஒன்றுதான் இலவசம். இதற்குப் பெயரும் வானத் தோட்டமாம். நாங்கள் எங்கே போனாலும் தோட்டந்தான்' என்று வேடிக்கையாக எழுதியிருந்தாள்.

அவள் போன இடம் ஃபென்சர்ச் வீதி 20ஆம் இலக்கக் கட்டடம். உயரம் 160 மீற்றர். மேலே விரிந்து பருத்த அதன் உருவத்தைக் கண்டு 'வாக்கி டாக்கி' என்று கேலியாகப் பெயரிட்டார்கள். 2013இல், கட்டி முடிவதற்கு முன்பே, அதன் வளைந்த கண்ணாடிச் சுவரிற் பட்டுத் தெறித்த வெயில் கீழே தெருவில் நின்ற காரொன்றின் பாகங்களை உருக்கிவிட்டது. ஏனைய உயர்ந்த கட்டடங்களினின்றும் விலகித் தனியே நிற்கும் அதைக் கட்டவிடலாமா என்று தகராறு எழுந்தபோது, உச்சியில் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்த ஒரு பூங்கா அமைக்கப்படும் என்பதை முன்வைத்தே அனுமதி பெறப்பட்டது. 2015 ஜனவரியில் அது திறந்தது. பூங்காவென்று படத்தில் காட்டியது ஒன்று, கண்டது வேறொன்று என்று பலர் குறை கூறினர். முன்கூட்டியே பெயர் பதியவேண்டும். குறித்த வேளைக்குப் போகவேண்டும். வாசலிலே பையைச் சோதிப்பார்கள். இலவசந்தான், ஆனால் 'பெரட்டு' உண்டு என்று என் மாணவி எழுதியதை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். 2017இல் அக்கட்டடத்தை ஹொங்கொங் கம்பனி ஒன்று 128 கோடி பவுண் கொடுத்து வாங்கியது. சிப்பிச் சாறு விற்றுப் பெயர்பெற்ற கம்பனி அது.

அவள் அனுப்பிய படத்தில் தேம்ஸ் நதி தெரிந்தது. கோபுரப் பாலம் தெரிந்தது. ஆனால் அவள் நின்ற இடத்துக்குக் கீழே, இரண்டொரு சந்துகள் தள்ளி, ஓர் ஒடுங்கிய தெரு ஓடுகிறது. அதன் பெயர் மின்சிங் லேன். கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோகம் முடிவுற்ற பின்பு லண்டன் தேயிலை ஏலம் வந்து குடியேறிய தெரு அதுவே. 1867இல் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டத்துத் தேயிலை 1873இல் லண்டனுக்குப் போனது; 23 இறாத்தல். அதற்குப் பிறகு எத்தனை கோடி இறாத்தல் போயிற்று! அட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் புகையிரதம் வந்து சேர்ந்தது அதை இறக்கத்தான். பின்னாளில் தேயிலை ஏலம் நடந்த மாளிகை ஃபென்சர்ச் வீதியிலேயே எழுந்தது. அதற்குப் பிளான்டேஷன் ஹவுஸ் என்று பெயர், தோட்ட மாளிகை! அதை இடித்துவிட்டு எழுப்பிய புதிய கட்டடத்துக்கும் முதலில் பிளான்டேஷன் பிளேஸ் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1998 ஜூன் 29ஆந் திகதி லண்டனின் இறுதித் தேயிலை ஏலம் நடந்து முடிந்தது. அப்போது அது தன் பழைய தெருவை விட்டுப் போய் வெகு காலமாகியிருந்தது.

அவளுடைய பாட்டி கிள்ளிய கொழுந்துக்கு விலை வைத்த தெருவின் மேலே, 35ஆம் மாடியில், அவள் கட்டணமின்றி நின்று காட்சி கண்டாள். அவளுக்கு இது தெரியாது. தெரிவிக்க அங்கே எவரும் இல்லை. உயரம் ஏற ஏற ஊர் வரைபடம் போலத் தெளிவாகிறது. வரலாறு மட்டும் மங்கிப்போகிறது. நான் பதில் எழுதியபின், அடுத்த விடுமுறையில் கீழே இறங்கி அந்தத் தெருவில் நடந்து பார்த்தாளாம். 'ஒன்றுமே இல்லை சேர், அலுவலகங்கள்தான்' என்று எழுதினாள்.

மேட்டில் நின்று பார்ப்பதற்கு நம் நாட்டிலும் நீண்ட பரம்பரை உண்டு. எந்தத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். துரையின் பங்களா மேட்டிலே இருக்கும். லயம் பள்ளத்திலோ ஓடைக்கரையிலோ இருக்கும். பங்களா விறாந்தையில் சாய்மானக் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மலைகள், ஸ்டோர், லயங்கள், பெரட்டுக் களம் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். அப்புத்தளைக்கு அப்பால் தம்பேதென்னையிலே தோமஸ் லிப்டன் அமர்ந்து தன் தோட்டங்களைப் பார்த்தான் என்று சொல்லப்படும் குன்றுக்கு லிப்டன் இருக்கை என்றே பெயர். உல்லாசப் பயணிகள் அதிகாலையில் எழுந்து அங்கே போகிறார்கள். அவன் இருந்த இடத்திலிருந்து அவன் பார்த்ததைப் பார்க்கிறார்கள். சொத்தைக் கணக்கிட்ட பார்வை இன்று சுற்றுலாப் பார்வையாகிவிட்டது. இருக்கை மாறவில்லை.

வள்ளுவர் இதை அறிந்திருந்தார் என்று சில வேளை எனக்குத் தோன்றும். கையிலே சொந்தப் பொருளை வைத்துக்கொண்டு தொழில் செய்பவனுக்கு உவமையாக, குன்றின் மேலேறி நின்று யானைப் போரைக் காண்பவனைச் சொன்னார். அதிகாரம் பொருள் செயல்வகை. உரைகாரர்கள் அச்சமும் வருத்தமுமின்றி வெல்லலாம் என்று கருத்துரைப்பார்கள். முதலுள்ளவனுக்கு அது நியாயமான உவமைதான். யானைகளின் காலடியில் நிற்பவர்களைப் பற்றி அக்குறளில் பேச்சில்லை; பேசவேண்டிய இடமும் அதுவன்று. ஆனால் நாம் வாழ்வது அங்கேதான்.

தோட்டத்துத் தமிழில் 'மலை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பண்டிதர்கள் விசாரித்ததுண்டோ? ஏழாம் நம்பர் மலை, கவ்வாத்து மலை, இன்றைக்கு எந்த மலை என்று எங்கள் பெண்கள் கேட்கும்போது மலை என்பது பார்க்கும் பொருளன்று. வேலை செய்யும் களம். குறிஞ்சித் திணையையும் அதன் கருப்பொருளையும் வகுப்பில் விளக்குகிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மக்கட் கூட்டம் மலை என்ற சொல்லுக்கே புதுப்பொருள் ஏற்றியிருப்பதை நாம் கவனிப்பதில்லை. மாணவன் கட்டுரையில் அப்பொருளில் எழுதினால் சிவப்பு மையால் வெட்டுகிறோம்.

இங்கே இலக்கிய விமரிசனத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் எழுத்துக்களை நடையழகு, உத்தி என்று பிரித்துப் பார்ப்பதோடு, எழுதியவன் எந்த இடத்தில் நின்று பார்த்தான் என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். புதுமைப்பித்தன் ஈழத்தில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் 'துன்பக்கேணி'யிலே திருநெல்வேலிச் சீமையின் சேரியிலிருந்து மருதியோடு கூடவே வந்து, அவள் விழுந்த குழியிலே நின்றுகொண்டு எழுதினார். தோட்டத்தை நேரிற் கண்டு, மேட்டிலிருந்து பாடிவிட்டுப் போன பிரயாணக் கட்டுரைகளைவிட அக்கதையில் நமக்கு உறவு அதிகம். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. ஒரு பெண் ஒரு நாளிற் பறித்த கொழுந்தின் நிறையை வைத்துக்கொண்டே கதை நடக்கிறது. இயற்கை வருணனைக்கு அங்கே பஞ்சமில்லை என்று வாதிப்போரும் உண்டு. இருக்கட்டும், அந்த வருணனை நிரைக்குள்ளிருந்து எழுகிறது. மறுபக்கம், லயத்திலே பிறந்து படித்து வெளியேறிய நம்மவரிற் சிலர் எழுதும் கவிதைகளில் மீண்டும் கம்பளம் தலைகாட்டுவதைப் பார்க்கிறேன். பிறப்பினாற் பார்வை வந்துவிடாது போலும்.

சி.வி. வேலுப்பிள்ளையை மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது. நாங்கள் நின்ற அந்தத் தெருவோர மேடு அடங்கிய தலவாக்கலைப் பிரதேசத்தின் பிரதிநிதியாக 1947இல் பாராளுமன்றம் சென்றவர் அவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் தெரிவானார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்தடுத்த சட்டங்கள் வந்தன. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுமில்லை. வாக்காளர் இடாப்பிலிருந்து ஒரு மக்கள் கூட்டமே அழிக்கப்பட்ட ஆண்டுகளிலும் மேட்டிலிருந்து பார்த்தவனுக்கு மலை அப்படியேதான் இருந்திருக்கும். அதே பச்சை. அதே புள்ளிகள். அதற்கும் முன்னே, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் கீழ்க் கண்டிச் சிங்களக் குடியானவனின் சேனையும் மேய்ச்சற் காடும் பறிபோனதையும் அந்தப் பச்சை மூடிக்கொண்டு நிற்கிறது. மாணவருக்கு இதையும் சொன்னேன். இரண்டு துயரங்களையும் எதிரெதிராக நிறுத்திப் பிழைத்தவர்களைப் பற்றிச் சொல்ல நேரம் போதவில்லை.

எப்போதாவது அந்தப் பச்சையிலே ஒரு மண்ணிறக் கீறல் விழும். 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை, ஊவாவின் கொஸ்லாந்தைப் பகுதியிலே மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை சரிந்து வந்தது. பலர் மண்ணுக்குள்ளேயே போனார்கள். அங்கே குடியிருப்பது ஆபத்து என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவர்களுக்கு மலை தெரிந்திருந்தது. ஆனால் லயத்தை விட்டால் போவதற்கு வேறு நிலம் இல்லாதவனுக்கு எச்சரிக்கையால் ஆவதென்ன? சில நாட்களுக்கு நாடே அந்தக் கீறலைப் பார்த்தது. பிறகு புல் முளைத்தது.

நாங்கள் தெருவோரத்தில் நின்ற அன்று மூதாட்டி ஒருவரும் அங்கே நின்றார். தலையிலே கயிறு மாட்டிப் பிரம்புக் கூடையை முதுகிலே சுமந்திருந்தார். கூடைக்குள் நான்கு கைப்பிடிக் கொழுந்து. இப்போது பல தோட்டங்களில் நைலோன் பையே வழக்கம். ஆனால் பயணிகளுக்குப் படமெடுக்கக் கூடைதான் வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். வாகனத்திலிருந்து இறங்கியவர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு ஏதோ கையில் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பிள்ளைகளைக் கண்டதும் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, 'எந்தத் தோட்டத்துப் புள்ளைங்கப்பா?' என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள். யார் யாரோ உறவாகிவிட்டார்கள்.

அதன் பின்னரே எனக்கு எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அருவியைப் பார்த்து முடித்த பிள்ளைகள் எதிர்ச்சரிவை வாசிக்கத் தொடங்கினார்கள். வெளிறிக் கிடப்பது இந்த வருடம் கவ்வாத்து வெட்டிய மலை என்றான் ஒருவன். அதற்கு மேலே காடேறிப் போனதைக் காட்டி, நான்கு வருடமாகப் புல் வெட்டவில்லை, பாம்பு இருக்கிறது, அங்கே பெயர் போட்டால் பெண்கள் சண்டை பிடிப்பார்கள் என்றான் மற்றொருவன். ஸ்டோரைக் காட்டினார்கள், பிள்ளைக் காம்பராவைக் காட்டினார்கள், மழை நாளில் கால் மைல் சுற்றிப் பாடசாலைக்கு வரும் குறுக்குப் பாதையைக் காட்டினார்கள். எனக்கு அதுவரை ஒரே பச்சையாகத் தெரிந்த மலை துண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. ஆசிரியன் அன்றைக்கு மாணவனானேன்.

மறுவாரம் அதே தலைப்பில் மீண்டும் எழுதச் சொன்னேன். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். கம்பளம் இம்முறையும் பதினொரு கொப்பிகளில் இருந்தது. ஒரு மாணவி அரைப்பக்கந்தான் எழுதியிருந்தாள். தன் தாய் அன்று பதினோராம் நம்பர் மலையில் மேல் நெரையில் நின்றதாகவும், தெருவிலிருந்து பார்த்தபோது தெரிந்த ஆறு புள்ளிகளில் எது தாய் என்று தனக்குத் தெரியவில்லை என்றும், வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, பஸ்ஸில் வந்து இறங்கிய வெள்ளைச் சீருடைகளைத் தாய் அங்கிருந்தே கண்டு எண்ணிப் பார்த்ததாகவும் எழுதியிருந்தாள்.

'நெரை' என்பதை வட்டமிட்டு, மேலே 'நிரை' என்று சிவப்பு மையால் எழுதினேன். சற்று நேரம் கழித்து அந்தத் திருத்தத்தை அடித்துவிட்டேன்.